அலைவாய்க் கரையில் ஒரு வீடு

பணி ஓய்வு பெற்ற மூத்தோர் நால்வர் ஓரிடத்தில் அமர்ந்தால் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே வரும். முதலாவது உடம்பு, இரண்டாவது வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், மூன்றாவது, எஞ்சிய காலத்தை எங்கே கழிப்பது என்ற கேள்வி. எங்கள் முக்கூடலில் முத்துமாலை அம்மன் கோயிலை ஒட்டிய தாமிரபரணிப் படித்துறையில் மாலை நேரத்தில் கூடும் சிறு வட்டத்திலும் இதுவே வழக்கம். இந்த மூன்றாம் கேள்விக்கு எங்கள் பக்கத்து மக்கள் சொல்லும் விடை பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கும்: "செந்தூரில் போய் இருந்துவிட வேண்டும்."

ஆறுபடை வீடுகளில் கடற்கரையில் அமைந்தது திருச்செந்தூர் ஒன்றே. திருச்சீரலைவாய் என்பது அதன் பழம்பெயர். நெல்லைச் சீமையில் பிறந்தவருக்கு அது வேற்றூர் அன்று. முதல் முடி இறக்கியதும், காது குத்தியதும், திருமணம் முடித்துத் தம்பதியாய் முதலில் சென்று வணங்கியதும் அங்கேதான். ஆகவே, விடியற்காலை விசுவரூப தரிசனம், நாழிக்கிணற்று நீராடல், பன்னீர் இலையில் பெறும் திருநீறு, மாலையில் கடற்காற்று என்று நாள்களைக் கழித்து, அந்த மணி ஓசை காதில் விழும் தொலைவிலேயே கண்ணை மூட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. இந்த ஆசையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் அறுபதுக்கு மேல் ஊர் மாறுவது பெரிய காரியம். அதைப் பற்றி இந்த வாரம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

முன்னோர் புறப்பட்ட விதம்

முதுமையில் இடம் மாறுவது நம் சமயத்துக்குப் புதிதன்று. இல்லறக் கடமை முடிந்தபின் வானப்பிரஸ்தம் என்று சாத்திரம் வகுத்தது. காசிவாசம், க்ஷேத்திரவாசம் என்று அதையே பிற்காலத்தவர் கைக்கொண்டனர். ஆனால் அவர்கள் எவ்வாறு புறப்பட்டார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை.

மகாபாரதத்தில் ஆசிரமவாசிக பர்வம் என்று ஒரு பகுதி உண்டு. போர் முடிந்தபின் திருதராட்டிரன் 15 ஆண்டுகள் தருமபுத்திரனின் அரண்மனையிலேயே வாழ்ந்தான். பின்னர் வனம் செல்ல விரும்பினான். இரவோடு இரவாக எழுந்து போய்விடவில்லை. தருமனிடம் விடை கேட்டான். தருமன் முதலில் இணங்கவில்லை. வியாசர் எடுத்துச் சொன்ன பிறகே இணங்கினான். அடுத்துக் குடிமக்களை அழைத்து அவர்களிடமும் விடை பெற்றான். பிறகு பீஷ்மர், துரோணர், தன் புதல்வர்கள் ஆகியோருக்குச் சிராத்தமும் தானமும் செய்யப் பொருள் கேட்டான். பீமன் மறுத்தான், தருமனும் அர்ச்சுனனும் தங்கள் கருவூலத்திலிருந்து கொடுத்தார்கள். எல்லாக் கணக்கும் தீர்ந்த பின்னரே அவன் அரண்மனை வாயிலைத் தாண்டினான். வங்கியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் தலை வணங்கத் தோன்றும். ஊரை விட்டுப் போகிறவன் கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்?

அங்கே இன்னொரு காட்சியும் உண்டு. கண்ணைக் கட்டியிருந்த காந்தாரி குந்தியின் தோளைப் பற்றிக்கொண்டாள். காந்தாரியின் தோளைத் திருதராட்டிரன் பற்றிக்கொண்டான். மூவரும் அப்படியே நடந்தார்கள். விதுரனும் சஞ்சயனும் உடன் சென்றார்கள். முதுமையில் இடம் மாறியவர்கள் தனியே செல்லவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டே சென்றார்கள். பின்னர்ப் பாண்டவர்களும் குடும்பத்தோடு வனத்துக்குப் போய் அவர்களைப் பார்த்து வந்தார்கள். போனவர்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் உறவு அற்றுப்போகவில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. திருவாமூரில் பிறந்த அப்பர் பெருமான் ஊர் ஊராகத் தொழுது, நிறைவாகத் தங்கியது சோழநாட்டுத் திருப்புகலூரில். 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. அந்த முதிய வயதிலும் அவர் கையில் இருந்தது உழவாரப் படை. தலத்தில் வாழ்வது என்றால் ஓய்ந்து இருப்பது என்று அவர் பொருள் கொள்ளவில்லை.

திருச்செந்தூரிலேயே பார்க்கலாம். இன்று நாம் காணும் கற்கோயிலின் திருப்பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள் மௌன சுவாமிகள், காசி சுவாமிகள், ஆறுமுக சுவாமிகள் என்னும் மூன்று துறவிகள். பின்னர் வள்ளிநாயக சுவாமிகள் அதைத் தொடர்ந்து முடித்தார். 1941ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. நாழிக்கிணற்றுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, அந்த மூவரின் சமாதிகள் உள்ளன. 2025ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் குடமுழுக்குக்குச் சென்ற அன்பர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் சென்று ஒரு நிமிடம் நின்றார்களோ, அறியேன். தலத்துக்குக் குடியேறி வந்தவர்கள் தலத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடற்கரையூரின் இயல்பு

இனி, ஊரைப் பற்றிப் பேசுவோம். தரிசனத்துக்குப் போகிறவர் காணும் ஊர் வேறு. அங்கே குடியிருப்பவர் காணும் ஊர் வேறு. இரண்டு நாள் தங்கும் விருந்தினருக்குக் கடற்காற்று சுகமாக இருக்கும். ஆண்டு முழுதும் தங்குபவரின் வீட்டில் அதே காற்று சன்னல் கம்பியைத் துருவேற்றும், மின்விளக்குச் சுவிட்சை அரிக்கும், சுவரின் பூச்சை உதிர்க்கும், இரும்புக் கட்டிலின் காலைத் தின்னும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூசுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். கிணற்று நீர் உவர்ப்பா, நன்னீரா என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீடு பார்க்கப் போகிறவர் பூசையறை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கூட்டம். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், ஆவணி மாசித் திருவிழாக்கள் ஆகிய நாள்களில் ஊரே மனிதக் கடலாகும். சூரசம்ஹார நாளில் கடற்கரையில் மணல் தெரியாது. அந்த நாள்களில் ஊர்க்காரர்களே வீட்டைவிட்டு வெளியே வர யோசிப்பார்கள், ஆட்டோ கிடைக்காது, மருந்துக் கடைக்குப் போவதும் பாடாகும். "தினமும் தரிசனம் செய்யலாம் என்று வந்தேன், இப்போது வாரத்தில் இரண்டு நாள், அதுவும் நடை திறக்கும் நேரத்தில் மட்டும்" என்று அங்கே குடியேறிய நண்பர் ஒருவர் சொன்னார். அவர் வருந்திச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பதை ஊர்க்காரராக ஆன பிறகு கற்றுக்கொண்டேன் என்றார்.

மூன்றாவது மழை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் எவரும் மறக்க மாட்டார்கள். திருச்செந்தூருக்குச் சற்று வடக்கே உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பதிவானது. பல ஊர்களில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அது. தாமிரபரணி கரை கடந்தது. சாலைகள் அறுந்தன. 17ஆம் தேதி இரவு சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். அவர்களில் முதியவர்களும் இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். மீட்புக் குழுவும் ஹெலிகாப்டரும் வருவதற்கு முன், சுற்றியிருந்த கிராம மக்கள்தாம் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள்.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த நாள்களில் மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை, பணம் எடுக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. வங்கியில் எத்தனை இலட்சம் இருந்தாலும் அது ஒரு குவளைப் பாலைக் கொண்டுவந்து தரவில்லை. கதவைத் தட்டி, "ஆச்சி, உள்ள இருக்கியளா? கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்று கேட்ட அண்டை வீட்டாரே அன்று முருகனின் கை. அப்படித் தட்டுவதற்கு ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் ஊர் மாறுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பாம்பன் சுவாமிகளின் காலும் மருத்துவமனையும்

"முருகன் இருக்கிறான், மருத்துவர் எதற்கு?" என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். இராமேசுவரத் தீவுக் கடற்கரையிலிருந்து சென்னைக்கு வந்து வாழ்ந்தவர் அவர். 1923ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், எழுபது வயதைக் கடந்த நிலையில், சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டிச் சக்கரம் ஏறி அவருடைய கால் முறிந்தது. அவரைப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், சண்முகக் கவசத்தை அன்பர்கள் பாராயணம் செய்தார்கள், சுவாமிகள் படுக்கையிலிருந்தபடியே மயில்களின் காட்சி கண்டார், எலும்பு கூடியது. ஆண்டுதோறும் மயூர வாகன சேவை என்று அன்பர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். 1929ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சுவாமிகள் மகாசமாதி அடைந்தார். கடலோரத் திருவான்மியூரில் அவருடைய சமாதிக் கோயில் உள்ளது.

இந்த வரலாற்றில் அற்புதத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் மருத்துவமனையும் இருந்தது என்பதை நான் சேர்த்துச் சொல்கிறேன். முருகனையே மூச்சாகக் கொண்ட மகானையும் அன்பர்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டு சென்றார்கள். அவன் அருள் அங்கே, அந்தப் படுக்கைக்கு வந்தது. எனவே நாம் குடியேறப் போகும் ஊரில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எங்கே போவது என்று கேட்பது பக்திக்குக் குறைவாகாது. திருச்செந்தூரில் அரசு மருத்துவமனை உண்டு. இதயத்துக்கும் மூளைக்கும் உரிய உயர் சிகிச்சைக்குத் தூத்துக்குடி அல்லது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டியிருக்கும். நெல்லை ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவு. வாரம் இருமுறை சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர், இதயத்தில் கருவி பொருத்தியவர் ஆகியோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓர் அம்மையாரின் கேள்வி

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரின் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். வயது 72. பிள்ளைகள் இருவரும் வெளி மாநிலங்களில் இருக்கிறார்கள். முக்கூடல் வீட்டை விற்றுத் திருச்செந்தூரில் அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும், மீதிப் பணத்தை வைப்பில் போட வேண்டும் என்பது அவர் திட்டம். "தம்பி, நீங்க பேங்க்ல இருந்தவுக. கணக்கு சரியா வருமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். தாளில் எழுதிப் பார்த்தோம். கணக்கு நன்றாகவே வந்தது.

அதுவரை வாய் திறவாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி அப்போது சொன்னார்: "கணக்கு வரும் தம்பி. நாளைக்கு அவுகளுக்கு ஒண்ணுன்னா, அந்த ஊர்ல நான் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்?"

ஆசிரியர் திகைத்துப் போனார். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த அம்மையாருக்கு முருகனிடம் பக்தி குறைவில்லை. செவ்வாய்க்கிழமை விரதத்தை இன்றும் விடாதவர். அவர் கேட்டது தனக்குப் பின்னால் வரப்போகும் நாள்களைப் பற்றி.

அன்பர்களே, இங்கேதான் இந்தப் பொருளின் உயிர் இருக்கிறது. தம்பதி இருவரும் சேர்ந்து குடியேறுகிறார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து போவதில்லை. ஒருவர் முந்துவார், மற்றவர் இருப்பார். பெரும்பாலும் இருப்பவர் மனைவிதான். பிறந்த ஊரில் நாற்பது ஆண்டு பழகிய தெரு ஒரு கைம்பெண்ணைத் தாங்கும். பால்காரர் முகம் தெரியும். எதிர் வீட்டு மதினி சாயங்காலம் வந்து உட்காருவாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் குடும்பம் வண்டியில் ஓர் இடம் ஒதுக்கும். புதிய ஊரில் மூன்றாம் மாடியில் இருக்கும் வீடு அதைத் தருமா? எனவே, இடம் மாற விரும்பும் கணவர்கள் வீட்டுக் கணக்கைப் போடுவதற்கு முன் மனைவியைத் தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நான் இல்லாவிட்டாலும் நீ இங்கே இருப்பாயா?" அவர் "இருப்பேன்" என்று மனமொப்பிச் சொன்னால் முருகன் பாதி வழி திறந்துவிட்டான் என்று கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் நான் அறிந்ததே. என்னோடு பணியாற்றிய ஒருவர் மனைவியோடு திருச்செந்தூரில் வாடகை வீட்டில் குடியேறினார். மூன்றாம் ஆண்டில் காலமானார். பிள்ளைகள் தாயைச் சென்னைக்கு அழைத்தார்கள். அவர் போகவில்லை. காரணம் எளிது. வந்த முதல் வாரமே அவர் தெருக்கோடியில் பூக்கட்டும் பெண்களோடு போய் உட்கார்ந்திருந்தார். கூலி வாங்கவில்லை, விடியற்காலை சாமிக்குப் போகும் மாலைக்கு அவரும் ஒரு முழம் தொடுப்பார். கணவர் இறந்த இரவில் அந்தப் பெண்கள்தாம் வீட்டில் வந்து படுத்தார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகும் ஒருத்தி மாறி ஒருத்தி ஆறு மாதம் துணைக்கு வந்தார்கள். கணவர் கோயிலைத் தேடி அந்த ஊருக்குப் போனார். மனைவி அந்த ஊரையே தேடிக்கொண்டார். நிலைத்தது மனைவியின் தேட்டம்.

வங்கியாளன் சொல்லும் சில

இனி, என் பழைய தொழில் சார்ந்த சில செய்திகள்.

முதலாவது, உடனே விற்காதீர்கள். கந்த சஷ்டி முடிந்து திரும்பும் வேனில் எடுக்கும் முடிவு பங்குனி வெயிலில் நிற்காது. ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழை, பங்குனி சித்திரை வெயில், ஆடிக் காற்று, திருவிழாக் கூட்டம் ஆகிய நான்கையும் பார்த்த பிறகும் மனம் அங்கேயே இருந்தால் அப்போது முடிவு செய்யலாம். ஊரிலுள்ள வீட்டைப் பூட்டி வைக்கலாம். நம்பிக்கையானவருக்கு வாடகைக்கு விடலாம். திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது என்ற எண்ணமே முதியவருக்குப் பெரும் பலம்.

இரண்டாவது, வீட்டைப் பிள்ளைகள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் 23ஆம் பிரிவு இதற்கு உதவுகிறது. நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பிள்ளைகள் மீது ஐயம் கொள்ளச் சொல்லவில்லை. உறவு கெடாமல் காப்பதும் பத்திரத்தின் வேலைதான்.

மூன்றாவது, வங்கிக் கணக்குகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும், 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் இருக்கட்டும். வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பங்கீட்டுக்கு உயில்தான் வழி. மனைவிக்குப் பணம் எடுக்கும் அட்டையைப் பயன்படுத்தவும், கணக்குப் புத்தகத்தைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஐம்பது ஆண்டு சமையலறைக் கணக்கைத் தவறாமல் நடத்தியவருக்கு இது கடினமன்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது, ஓய்வூதியக் கணக்கை மாற்ற வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். எந்தக் கிளையிலிருந்தும் பணம் எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ் சான்றை, 2014ஆம் ஆண்டு வந்த ஜீவன் பிரமாண் முறையில் கைப்பேசியிலேயே தரலாம். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலிருந்தே தரலாம். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றில் முகவரி மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை எளிதில் எடுக்கும்படி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். 2023ஆம் ஆண்டு மழையின் பாடத்தை நினைத்து, சிறிது ரொக்கமும் இரண்டு வார மருந்தும் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாவது, பேசத் தயங்குகிற செய்தி. காலம் முடிந்தால் இறுதிக் கடன் எங்கே, யார் செய்வது என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லி ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். "அப்பா எங்கே விரும்பினார்?" என்று அழுகையினிடையே பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடும் நிலையை அவர்களுக்கு வைக்காமல் போவதும் ஒரு தருமமே.

போனவருக்கும் இருப்பவருக்கும்

இத்தனையும் பார்த்து, மனைவியும் மனமொப்பி, உடம்பும் இடம் கொடுத்தால், தாராளமாகப் போங்கள். அங்கே போய் வெறுமனே வரிசையில் நிற்காதீர்கள். ஒரு முழம் பூத் தொடுங்கள்; அன்னதானத்தில் இலை எடுங்கள்; வெளியூரிலிருந்து வழி தெரியாமல் நிற்கும் கிழவிக்கு நாழிக்கிணற்றுக்கு வழி காட்டுங்கள்; மூவர் சமாதியில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். ஆறு மாதத்தில் ஊர் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளும். பெயர் தெரிந்த ஊர்தான் நம் ஊர்.

போக இயலாதவர்கள் வருந்த வேண்டாம். பிள்ளையின் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருப்பவர், படுக்கையில் இருக்கும் மாமியாருக்குச் சோறு ஊட்டுபவர், மருத்துவர் தூரம் போகக் கூடாது என்று தடுத்தவர், வாடகை கொடுக்க வசதியில்லாதவர் ஆகியோருக்கும் தலவாசப் பயன் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசவில்லை. பெற்றோர் செந்தூரான் சந்நிதிக்குக் கொண்டுபோன பின்னரே பேசினார் என்பது வரலாறு. பின்னாளில் அவர் காசிக்குப் போனார், அங்கே மடம் கண்டார். செந்தூரான் கொடுத்த வாக்கோ கங்கைக் கரை வரை அவருடனேயே சென்றது. அவன் ஓரூரில் மட்டும் இருப்பவன் அல்லன்.

நமக்குத் தாமிரபரணி இருக்கிறது. பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம் கடந்து, எங்கள் முக்கூடல் அம்மன் படித்துறையைத் தொட்டு, நெல்லை வழியே ஸ்ரீவைகுண்டத்தை அடைகிறது. அங்குள்ள அணைக்கட்டுதான் ஆற்றின் கடைசி அணை. அதன் தென்கால் நீர் திருச்செந்தூர் வட்டத்துக் குளங்களை நிரப்புகிறது. எஞ்சியது செந்தூருக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. இங்கே காலையில் இரு கை நீர் அள்ளி முருகா என்று விடுகிறவரும் அவனைத் தொழுதவரே.

எந்தக் கரையில் இருந்தாலும், உடன் இருப்பவரின் கையை விடாமல் இருப்போம். செந்தில் ஆண்டவன் அனைவரையும் காக்க.